ஒட்டுப்போட்ட இடத்தைப் பாருங்கள்

ஈப்போவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை ஜெலாப்பாங் தாண்டியதும் ஏறத் தொடங்கும். மெனோரா சுரங்கப்பாதை வரை மேடுதான். டர்போ போட்ட கஞ்சில் கார்களின் வண்டவாளம் தெரிவது அங்கேதான். சமதரையில் பறந்த வண்டி அந்த மேட்டில் லோரிக்குப் பின்னால் மூச்சு வாங்கும். சில வண்டிகள் ஓரத்தில் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும்.

கஞ்சில் 1994இல் வந்தபோது 660 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். நம்மூர்ப் பையன்கள் அதற்குள் இறக்குவது ஜப்பானில் வெட்டி அனுப்பிய ஹாஃப்கட் டைஹாட்சு மீராவின் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின். பட்டறையில் அதற்கு எல்-5 என்று பெயர். அதுவும் 660 சிசிதான். ஆனால் 64 குதிரைத்திறன், அதாவது பழைய எஞ்சினைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுங்கை சிப்புட், செமோர் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அவர்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்த ஒரு பாடம்தான் விட்டுப்போயிற்று. ரப்பர்க் கன்றில் ஒட்டுக் கட்டினால் கீழே ஒரு வேர், மேலே உயர்ரக மொட்டு. இரண்டும் நன்றாக இருந்தும் கன்று வாடினால், ஒட்டின இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். எஞ்சின் மாற்றிய காரும் அப்படித்தான். பாதிக் கோளாறு எஞ்சினில் இருக்காது, பழைய உடம்பும் புது எஞ்சினும் சேரும் இடத்தில் இருக்கும்.

எங்கள் தாமானில் ஒரு தம்பியின் கஞ்சில். மேட்டில் பிக்கப் இல்லை. சூடேறினால் அணைந்துவிடும், கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஒரு பட்டறையில் பிளக், காயில் எல்லாம் மாற்றி, கடைசியில் “டர்போ போச்சு” என்று அதையும் மாற்றினார்கள். பணம் போனது, கோளாறு போகவில்லை.

பிறகு பார்த்தவர் வயதான போமன். ஸ்பேனரை எடுக்கவில்லை. “எப்பய்யா சாகுது? சூட்டிலயா, குளிர்லயா? ஏறும்போதா, கால எடுக்கும்போதா?” என்று கேட்டார். காற்றுக் குழாயின் ஒரு முனையை அடைத்து, கம்ப்ரஸரில் மெதுவாகக் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தடவினார். கிளிப்புக்கு அடியில் நுரை குபுகுபுவென்று வந்தது. எஞ்சின் நின்றிருக்கும்போது மூடிக்கொண்டு, டர்போ அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கும் விரிசல். கண்ணால் பார்த்தால் ஜென்மத்துக்கும் தெரியாது.

அது பாதிதான். சூட்டில் அணைவதற்குக் காரணம் பின்சீட்டுக்கு அடியில் இருந்தது. பழைய எஞ்சினின் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெதுவாக வந்தாலே போதும். புது எஞ்சினின் இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் அழுத்தம் வேண்டும், டர்போ ஏற ஏற அதுவும் ஏற வேண்டும். பெரிய பம்ப் போட்டவர்கள் பழைய மெல்லிய வயரிலேயே மின்சாரம் கொடுத்திருந்தார்கள். மீட்டர் வைத்தால் பேட்டரியில் 14 வோல்ட், பம்பில் 10கூட இல்லை. இணைப்பு கருகியிருந்தது. சூடேறினால் மின்தடை கூடும், பம்ப் தளரும், எஞ்சின் சாகும். பேட்டரியிலிருந்து தடித்த வயர், ஒரு ரிலே, ஒரு பியூஸ், புது எர்த். இவ்வளவுதான் வைத்தியம். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பெட்ரோல் போதாமல் பிஸ்டனே உருகியிருக்கலாம்.

இடையில் ஒன்று: விரிசல் கண்ட காற்றுக் குழாயை மாற்றும்போது, கடையில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர்க் குழாயை டர்போவில் மாட்டாதீர்கள். நம் பெற்றோர் சீவிய பாலில் செய்த இயற்கை ரப்பர் டயருக்கு ராஜா, ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப் பிதுங்கிவிடும். எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்தான் அங்கே வேண்டும்.

விரா காரில் மிட்சுபிஷி டர்போ எஞ்சின் இறக்கியவர்களின் தொல்லை வேறு. கால் எடுத்ததும் ‘புஸ்’ என்று சத்தம் வர, புளோ-ஆஃப் வால்வை வெளியே திறந்து வைக்கிறார்கள். அந்த எஞ்சினோ உள்ளே போகும் காற்றை முன்னாலேயே அளந்து பெட்ரோல் கொடுப்பது. அளந்த காற்று வெளியே போய்விட்டால் பெட்ரோல் மிஞ்சும், சிக்னலில் கியரை எடுத்ததும் வண்டி அணையும். வால்வின் காற்றைக் குழாய் வழியே டர்போவின் வாய்க்கே திருப்பிவிட்டால் தீரும். சத்தம் போய்விடுமே என்று பையன்கள் கேட்பதில்லை. சத்தத்துக்காக ஒவ்வொரு சிக்னலிலும் சாவியைத் திருகுவது என்ன அழகோ!

எஞ்சின் மாற்றியவர்கள் இன்னொரு இணைப்பையும் பார்த்துவிடுங்கள். வாகனச் சோதனை முடிந்து, ஜேபிஜே ஒப்புதல் கிடைத்து, புது எஞ்சின் எண் கிராண்டில் ஏறியிருக்கிறதா? இல்லையென்றால் விபத்து நடக்கும் நாளில் காப்புறுதிக்காரர் கைவிரிக்க அதுவே போதும். அடுத்த பாகம் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் அந்த வேலையை முடியுங்கள்.