குளத்தின் சிறு பணியாளர்

திருத்தணிகைக் குன்றைச் சூழ்ந்த ஏரிகளும் வயல்களும் மழைக்காலத்தில் நீர் நிரம்பி விளங்கும். இரவெல்லாம் தவளைகளின் ஒலி கேட்கும். சில நாள்களில் பெருந்தலையும் சிறுவாலும் உடைய தலைப்பிரட்டைகள் நீரோரங்களில் திரள் திரளாகத் தோன்றும். சிறுவர் அவற்றை மீன்குஞ்சென மயங்கிப் புட்டிகளில் அடைப்பர். பெரியோர் அருவருத்து ஒதுங்குவர். அவை ஆற்றும் தொண்டினை அறிவார் சிலரே.

அத்தொண்டு யாது? தலைப்பிரட்டைகளுள் பெரும்பாலானவை பாசியை உண்பன. கற்களிலும் இலைகளிலும் படிந்த பாசியைத் தம் வாயிலுள்ள நுண்ணிய பல்வரிசைகளால் சுரண்டித் தின்கின்றன. அடியில் தங்கிய வண்டலையும் கலைக்கின்றன. உண்டபின் அவை விடும் கழிவில் தழைச்சத்து உண்டு. அதனைப் பெற்றுப் புதுப்பாசி தளிர்க்கிறது. அப்பாசி நீர்ப்பூச்சிகளுக்கு உணவாகிறது. களையும் பறித்து எருவும் இடும் உழவரை அவை ஒக்கும் அன்றோ? அவற்றையே மீனும் பாம்பும் கொக்கும் இரையாகக் கொள்கின்றன. எஞ்சியவை தவளைகளாய்க் கரையேறி, நீரில் பெற்ற சத்தினை நிலத்திற்குக் கொண்டு செல்கின்றன.

அவை இல்லையெனின் என்ன ஆகும்? நடு அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டில், எல் கோப்பே என்னும் மலைப்பகுதியில், 2004ஆம் ஆண்டில் பூஞ்சை நோய் ஒன்றால் தவளைகள் பெருவாரியாக மடிந்தன. தலைப்பிரட்டைகள் அருகிய ஓடைகளில், கற்களின்மேல் பாசியும் வண்டலும் மிகுந்தன. நீரில் தழைச்சத்தின் சுழற்சியும் தளர்ந்தது. ஆய்ந்தோர் கண்ட உண்மை இது.

நம் நாட்டிலும் ஒருகாலத்தில் வெளிநாட்டார் உணவிற்காகத் தவளைகள் கணக்கின்றிப் பிடிக்கப்பட்டன. பயிர்களை அழிக்கும் பூச்சிகளைத் தவளைகள் உண்பதனால், அவற்றைக் கொல்வது உழவுக்குக் கேடு என்பது உணரப்பட்டது. 1987ஆம் ஆண்டில் தவளைக்கால் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. எனினும், பிடிப்பதைத் தடுத்தல் மட்டும் போதுமா? பிறக்கும் இடத்தையும் காத்தல் வேண்டும்.

‘கரையை உயர்த்திச் சிமெந்து பூசினால் குளம் தூய்மையாகும், தவளைக்கு இரங்குவது எதற்கு?’ என்பாரும் உளர். கரை வலிமை பெறுதல் நன்றே. ஆயினும் ஆழமற்ற ஓரமும் புல்லும் முற்றும் ஒழிந்தால், தவளை முட்டையிடுவதற்கு இடம் ஏது? குஞ்சுகள் கரையேற வழி ஏது? சாக்கடையும் மிகையான உரமும் நஞ்சும் கலந்த நீரைத் தலைப்பிரட்டைகள் தூய்மையாக்கிவிடும் என்று கருதுதலும் பிழை. அந்நீரில் அவையே மடியும். அக்கேட்டைத் தடுப்பது மக்கள் கடன்.

ஆதலின் ஏரி, குளங்களைத் திருத்துவோர் ஒருபுறமேனும் இயற்கைக் கரையை விட்டுவைத்தல் வேண்டும். மாணாக்கர் தலைப்பிரட்டைகளைப் பிடியாது, நீரிலேயே கண்டு மகிழ்தல் வேண்டும். சிறியதென்று ஓர் உயிரை இகழ்ந்து அழிப்போர், அதனால் வாழும் குளத்தையும் இழப்பர்.