காந்தம் ஒட்டாவிட்டால் போதுமா?

தராசுத் தட்டோ, சாமான் அள்ளும் கரண்டியோ வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பது நம் வணிகர்களின் வழக்கம். ஒட்டாவிட்டால் உயர்ந்த எவர்சில்வர் என்று நம்பி 304 ரகத்தின் விலையைக் கொடுத்துவிடுகிறோம். இந்தச் சோதனை போதாது.

304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உண்டு. விலையை ஏற்றுவது நிக்கல்தான். 200 வரிசை ரகங்களில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. அசல் 304 தகட்டிலோ, அழுத்தி வளைத்த இடத்தில் லேசாக ஒட்டுவதும் உண்டு.

200 வரிசை மட்டமானது என்று நாம் சொல்லவில்லை. விலை குறைவு, அழுத்தி உருவாக்கும்போது 304-ஐவிட அதிகம் இறுகும், தேய்மானம் தாங்கும். அரிசி, பருப்புக்கு அதுவே போதும். உப்பு, புளி, ஊறுகாய் படும் இடத்துக்கு 304 வாங்குவதே நல்லது. இல்லையேல் சீக்கிரம் புள்ளி விழும். அதையும் கழுவித் துடைத்து வைக்க வேண்டும்.

உருக்காலை உள்ள சேலத்துக்குப் போகும் சாலையில் கடை வைத்திருக்கும் எலவனாசூர்கோட்டை வணிகர்களாகிய நாம் ரக எண்ணைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குவோம். எழுதித் தர மறுத்தால் 304 விலை கொடுக்க வேண்டாம். பொன்னி அரிசியைப் பொன்னி என்று சொல்லி விற்கிறோம். எவர்சில்வருக்கும் அதே நியாயம்தான்.