மூன்றே முக்கால் சுற்று



ஒருநாள் காலை கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "ஏம்மா, நாற்பத்தேழு வயசிலே ஓட்டப் பந்தயமா? பேரன் எடுக்கிற வயசாச்சே!"

எங்கள் அரியூரில் ஒரு சேதி பரவ அரை நாள் போதும். புதுச்சேரியில் நடக்கவிருந்த மூத்தோர் தடகளப் போட்டியில், 1500 மீட்டர் ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்திருந்தது உண்மைதான். 'மூத்தோர்' என்றதும் பாட்டிமார் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 35 வயது நிறைந்தால் போதும். ஐந்தைந்து வயதாகப் பிரித்து, அந்தந்த வயதுக்காரர்களுக்குள்தான் போட்டி.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் இலங்கை முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா. எழுபது வயதைக் கடந்தவர். 2023-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் போட்டியில் இதே 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். பத்திரிகையில் அவர் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, பலமாகத் தும்மினாலும் சிரித்தாலும் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். கல்யாண வீட்டில்கூடச் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். விழுப்புரம் சாலையில் வண்டி ஓட்டம் அதிகம் என்று, வயலோர மண்பாதையில் முதல் நாள் ஓடிப் பார்த்தேன். இருபது தப்படி போயிருக்கமாட்டேன், புடவை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுவாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒரு லேடி டாக்டரிடம் போனேன். "பிள்ளை பெற்றவர்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறதும்மா. யாரும் வெளியே சொல்றதில்லை, அவ்வளவுதான்" என்றார். இருபது வருஷமாக என் தலைவிதி என்று நினைத்ததற்கு வைத்தியம் ஓர் எளிய பயிற்சி!

சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள் தசையை மேல்நோக்கி இறுக்கிப் பிடியுங்கள். சில விநாடி கழித்துத் தளர்த்துங்கள். பழகப் பழக, பத்து விநாடி வரை பிடிக்கலாம். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடையை இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்வதும் நல்லதல்ல. பால் காயும்வரை அடுப்பருகில் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். குறையவில்லை என்றால் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

எனக்குக் குறைந்தது. பிறகுதான் ஓட்டம். டாக்டர் சொன்னபடி ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று ஆரம்பித்தேன். ஓடும்போது பேச முடிகிறதா, அதுதான் சரியான வேகம். பச்சை உடம்புக்காரிகள் அவசரப்பட வேண்டாம். பிரசவமாகி மூன்று மாதமாவது ஆகட்டும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பந்தயத்தன்று வயிற்றில் புளி கரைத்தது. 400 மீட்டர் தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்களோடு நானும் பாய்ந்தேன். அதுதான் தப்பு. முதல் முக்கால் சுற்றிலேயே மூச்சு வாங்கிவிட்டது. இன்னும் முழுசாக மூன்று சுற்று! வேகத்தைக் குறைத்து, என் மண்பாதை ஓட்டத்துக்கே வந்தேன். எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். போகட்டும். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது, முன்னால் ஒருத்தி தளர்ந்து போவது தெரிந்தது. அவளைத் தாண்டினேன். கடைசியிலிருந்து இரண்டாவது! புடவையில்லாத அந்தப் பைஜாமா நனையவே இல்லை, வியர்வையைத் தவிர.

1928-ல் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். 'பெண் உடம்பு தாங்காது' என்று அதை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்த்தது 1960-ல். 1500 மீட்டர் வந்தது 1972-ல்தான். நம் உடம்பு எதைத் தாங்கும் என்று பிறர் தீர்மானித்த காலம் அது. நாமும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்படி?

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்கள்: "ஜெயிச்சியாம்மா?"

"முடிச்சுட்டேன் அத்தை."

"அப்ப சரி. இட்லி ஆறுது, வந்து உக்காரு."

நான் உட்காரவும் அவர்கள் பரிமாறவும் என்று அன்றைக்குத்தான் நடந்தது. பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னார்கள்: "அந்தப் பயிற்சி என்னமோ சொன்னியே... எனக்கும் கத்துக்கொடு."

சகோதரிகளே, நீங்கள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. வாய்விட்டுச் சொல்லுங்கள்.