புதுக் காரா, பழைய காரா? நியூ டவுன் தமிழர் போட வேண்டிய கணக்கு

நியூ டவுன்: 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, நவராத்திரியின் முதல் நாளன்று, சிறிய கார்களின் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதன் மேல் வசூலிக்கப்பட்டு வந்த செஸ் வரியும் நீங்கியது. அன்றிரவே கொல்கத்தாவில் பேய்மழை கொட்டியது. ஒரே நாளைக்குள் பெய்தது சுமார் 250 மில்லிமீட்டர். மின்சாரம் தாக்கிப் பலர் உயிரிழந்தனர். தெருவோரம் நிறுத்தியிருந்த கார்கள் பல இடங்களில் தண்ணீரில் நின்றன.

இவை இரண்டும் தனித்தனிச் செய்திகள்தாம். ஆனால் கார் வாங்க எண்ணும் குடும்பத்துக்கு இரண்டும் ஒரே கணக்கில் வந்து சேருகின்றன. புதுக் கார் மலிந்தது என்பது ஒன்று. தண்ணீரில் நின்ற வண்டிகளும் பழைய கார் சந்தைக்கு வரும் என்பது மற்றொன்று.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் நிறுவன வேலையாகவோ, மத்திய அரசு உத்தியோக மாற்றலிலோ வந்தவர்கள். ராஜர்ஹாட் வயல்வெளியில் எழுந்த இந்த ஊரில் சாலைகள் அகலம், தூரங்களும் அதிகம். இட்லி அரிசிக்கும் நல்லெண்ணெய்க்கும் லேக் மார்க்கெட் போய்வருவதே அரை நாள் வேலை. 2025 ஆகஸ்டு 22-ல் புதிய மெட்ரோ பகுதிகள் திறக்கப்பட்டபோதும், விமான நிலையத்தை நோக்கிய ஆரஞ்சுப் பாதை பேலேகாட்டா வரைதான் வந்தது. நியூ டவுன் அதில் சேரவில்லை. ஆகவே, "ஒரு கார் இருந்தால் தேவலை" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்பதில் வியப்பில்லை. கையில் உள்ளதோ நான்கைந்து லட்சம். அது பெண்ணின் படிப்புக்கும் ஊரில் உள்ள பெற்றோரின் வைத்தியத்துக்கும் சேர்த்து வைத்த பணம். தவறான வண்டியில் அதை முடக்கினால் மீள்வது கடினம்.

வரி குறைந்ததன் பலன்

நான்கு மீட்டர் நீளத்துக்கு மேற்படாத, 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் காருக்கு முன்பு செஸ்ஸுடன் சேர்த்து 29 சதவீத வரி. வரிக்கு முன் 5 லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டி அப்போது 6 லட்சத்து 45 ஆயிரம் ஆயிற்று. 18 சதவீத வரியில் அது 5 லட்சத்து 90 ஆயிரம். மிச்சம் 55 ஆயிரம் ரூபாய்.

இந்த மிச்சம் புது வண்டி வாங்குவோருக்கு மட்டும் உரியதன்று. பழைய வண்டி வாங்குவோர்தாம் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும்போது, அன்றைய பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழிக்கின்றன. ஆறு மாதம் தாண்டி ஓராண்டுக்குள் 15 சதவீதம், இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50. மூன்றரை வயதான மேற்சொன்ன காருக்குப் பழைய விலைப்படி 3 லட்சத்து 87 ஆயிரம் வரும். புதிய விலைப்படி 3 லட்சத்து 54 ஆயிரம்தான். விற்பவர் தாம் வாங்கிய பில்லைக் காட்டிப் பேசுவார். வாங்குபவர் இன்றைய பில்லைக் காட்டிப் பேச வேண்டும். நடுவில் நிற்பது 33 ஆயிரம் ரூபாய்.

பழைய கார் வியாபாரிகளுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் ஜெய்சல்மர் கூட்டத்தில் முடிவானபோது பலர் கலங்கினர். அந்த வரி வண்டியின் முழு விலைக்கு அன்று, பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்துக்குத்தான். 3 லட்சத்துக்கு வாங்கி 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு விற்றால், 40 ஆயிரத்துக்கு 7,200 ரூபாய். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு நேரடியாக விற்றால் இந்த வரியே கிடையாது.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரில் மூழ்கிய வண்டி கழுவி, மெருகேற்றி, வாசனைத் தைலம் தெளித்துச் சந்தைக்கு வரும். ஓடவும் செய்யும். ஆறு மாதத்தில் மின்கம்பிகள் துருவேறி ஒவ்வொன்றாகக் கைவிடும்.

வாங்கும் முன் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இருக்கையின் அடித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேறு படிந்திருக்கிறதா, விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் தெரிகிறதா என்று ஆராய வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை தெரிந்துவிடும். அதைக் கழுவ யாரும் நினைப்பதில்லை. மெக்கானிக்கை நாமே அழைத்துப் போக வேண்டும். விற்பவர் அழைத்து வருபவர் விற்பவரின் ஆள்.

வயதும் சட்டமும்

டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்பின் வழக்குகள் பல திருப்பங்களைக் கண்டன. ஆனால் அந்த அச்சத்தால் டெல்லி வண்டிகள் மலிவாகப் பிற மாநிலங்களுக்குப் போவது வாடிக்கையாகிவிட்டது. கொல்கத்தாவும் விலக்கன்று. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 ஆண்டு கடந்த வண்டிகளை அகற்றுமாறு உத்தரவிட்டது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது இதிலிருந்து தெளிவு. பன்னிரண்டு வயது வண்டி ஒன்றரை லட்சத்துக்குக் கிடைத்தால் அது மலிவன்று. 2020 ஏப்ரலுக்குப் பின் பதிவான, பி.எஸ். 6 தரமுள்ள வண்டியே கைக்கு அடக்கமானது.

ஊர் திரும்பும்போது

தமிழர் பலர் மறந்துவிடும் கணக்கு ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். அதற்கு இங்கிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழகம் இந்த வரியை உயர்த்தியது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு அங்கே 13 சதவீதம். இங்கே ஒரு முறை வரி கட்டிப் புது வண்டி வாங்கி, இரண்டே ஆண்டில் கோவைக்கோ மதுரைக்கோ மாற்றலாகிப் போகிறவர் வரியை இரு இடத்தில் கட்டி, இங்கே கட்டியதைத் திரும்பப் பெற அலைய நேரும்.

2021-ல் வந்த 'பி.எச்.' பதிவெண் முறை மாற்றலாகும் ஊழியருக்காகவே ஏற்பட்டது. மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதற்குத் தகுதியுடையவர்கள். வரியை இரண்டிரண்டு ஆண்டுக்காகக் கட்டலாம். தகுதியுள்ளோர் வண்டியைப் பேசி முடிக்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

கையெழுத்தோடு முடிவதில்லை

என்னுடன் பணிபுரிந்த நண்பர் ஒருவர் சென்னைக்கு மாற்றலானபோது காரை அவசரமாக விற்றார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறினார். இரண்டு ஆண்டாக அபராதச் சீட்டுகள் அவர் பெயருக்கே வந்தபடி உள்ளன. வண்டி யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அபராதத்தோடு போனால் அதிர்ஷ்டம். பல கை மாறிய ஒரு காரால் 2009-ல் நேர்ந்த விபத்து பற்றிய வழக்கில், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 29, 30-ஆம் எண் படிவங்களைக் கொடுத்துப் பெயர் மாறும் வரை விற்பனை முடிந்ததாகக் கருதக் கூடாது. வங்கிக் கடன் தீர்ந்து 35-ஆம் எண் படிவம் தந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டியோடு வராது. அது அவரோடு போய்விடும்.

முடிவு என்ன?

மூன்றாண்டுக்குள் ஊர் திரும்பக்கூடியவர், மேற்கு வங்கப் பதிவுள்ள மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பழைய காரை வாங்கி, போகும்போது இங்கேயே விற்றுவிடுவது உத்தமம். விலைச் சரிவின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் ஏற்றுவிட்டார். எட்டுப் பத்து ஆண்டு இங்கேயே இருக்கப்போகிறவருக்கு, வரி குறைந்த நிலையில், சிறிய புது வண்டியே லாபம். பழைய காருக்கு வங்கிகள் கேட்கும் வட்டி பெரும்பாலும் கூடுதல் என்பதும் அதற்குச் சாதகம்.

மூன்றாவது வகையினரும் உண்டு. வாரம் ஒரு நாள் லேக் மார்க்கெட்டுக்கும் எப்போதாவது ஹவுரா நிலையத்துக்கும் போகிறவர்கள் அவர்கள். ஆண்டு இன்ஷூரன்ஸ், பார்க்கிங், சர்வீஸ் செலவை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் வாடகைக் கார் செலவையும் எழுதிப் பார்த்தால், அவர்களுக்குப் புதுக் காரும் வேண்டாம், பழைய காரும் வேண்டாம் என்றே விடை வரக்கூடும். அந்த விடை வந்தால் அதை ஏற்றுக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.