மணமும் மனமும்

பெற்றோர் தம் மக்கள்பால் கொண்ட அன்பு அளவிடற்கரியது. ஆயினும், மணப்பேச்சு எழுங்கால் அவ்வன்பே சில இல்லங்களில் கடும் ஆணையாக மாறிவிடுகின்றது. மக்களின் பணிவும் பிணக்காகத் திரிகின்றது. இந்நிலை எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் பொதுவானது.

ஆங்கிலக் கவிஞர் எலிசபெத்து பாரட்டு அம்மையாரின் தந்தையார், தம் மக்களுள் எவரும் மணம் புரிதல் கூடாதெனத் தடுத்தவர். அம்மையாரோ நெடுநாள் நோயுற்றவர். அவர் இராபர்ட்டு பிரௌனிங்கு என்னும் கவிஞரை 1846-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் இலண்டன் மாநகரில் மறைவாக மணந்தார். சில நாள்களில் இத்தாலி நாட்டிற்குப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு அகவை 40. தந்தையார் மகளை மன்னித்தாரல்லர். மகள் விடுத்த மடல்கள் உறை பிரிக்கப்படாமலே திரும்பின. 1857-இல் தந்தையார் மறையுங்காறும் இருவரிடையே இணக்கம் பிறக்கவில்லை.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் காண்போம். காந்தியடிகளின் கடைசி மைந்தர் தேவதாசரும் இராசாசியின் திருமகளார் இலட்சுமியும் ஒருவரையொருவர் விரும்பினர். இருவர்தம் குலமும் வேறு, தாய்மொழியும் வேறு. தந்தையர் இருவரும் கலந்து பேசி, ஐந்தாண்டுக் காலம் காணாது பிரிந்திருக்குமாறு பணித்தனர். அதன் பின்னும் மனம் மாறாதிருப்பின் மணம் முடிப்பதாக இசைந்தனர். மக்களும் காத்திருந்தனர். 1933-ஆம் ஆண்டு சூன் திங்களில் பூனா நகரில் பெற்றோர் வாழ்த்த மணம் நிகழ்ந்தது.

ஐந்தாண்டு மிக நெடிது என்பார் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், அந்தக் காத்திருப்பிற்கு ஓர் எல்லை இருந்தது. எல்லைக்கப்பால் ஒரு வாக்குறுதி இருந்தது. காரணமும் கூறாது, எல்லையும் காட்டாது மறுப்பதை அறிவுரை எனல் பொருந்தாது.

நம் முன்னோர் இந்நுட்பத்தை நன்குணர்ந்திருந்தனர். தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் முறையே உணர்த்துதலை அவர்கள் ‘அறத்தொடு நிற்றல்’ என்றனர். உள்ளத்து உண்மையை உரியவரிடம் உரைப்பதே அறம் என்பது இதனாற் பெறப்படும். உரைப்பது அறமாயின், அதனைச் சினவாது செவிமடுப்பதும் அறமேயன்றோ? கேட்பாரில்லாத இல்லத்திலேயே உடன்போக்கு நிகழும்.

இன்றைய சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என மண அகவையை வரையறுத்துள்ளது. அவ்வகவை எய்தியவரை அவர்தம் விருப்பின்றி மணவறையில் அமர்த்துவதற்குப் பெற்றோர்க்கும் உரிமையில்லை. ஆயினும், சொல்லும் துணிவையும் கேட்கும் பொறுமையையும் எச்சட்டமும் வழங்கவியலாது. அவை இல்லத்தில் பயிலவேண்டியவை.

மாணவர்களே! இன்று உங்கள் கடன் கல்வியே. எனினும், பெற்றோரிடம் எதனையும் மறையாது பேசும் பழக்கத்தை இப்பொழுதே மேற்கொள்ளுங்கள். நாளை நீங்கள் பெற்றோராகுங்கால், உங்கள் மக்கள் கூறுவதை முழுதும் கேட்ட பின்னரே விடை பகருங்கள்.