லீவு நாளில் கடலைச் சாக்கும் பிள்ளைகளும்

ஆலங்குடி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பையன் எட்டாவது, பொண்ணு அஞ்சாவது. ரெண்டு ஏக்கர் நிலம், ஒரு போர். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "லீவு விட்டதிலிருந்து ரெண்டும் போனை வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு எழுந்திரிப்பதில்லை. பிள்ளைகளோடு நேரம் செலவழியுங்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். மாடு, சமையல், காடு என்று கிடக்கிற எனக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? வேலையை வைத்துக்கொண்டே பிள்ளைகளோடு இருக்க வழி இருந்தால் சொல்லுங்கள். வயலுக்குக் கூட்டிப்போனால் சட்டப்படி தப்பு என்கிறார் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அது உண்மையா?"

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது, 2016-இல் திருத்தப்பட்டது. 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ஆனால் பள்ளி முடிந்த நேரத்திலும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்கு ஒத்தாசை செய்ய அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்கு அனுப்பினால் அது குற்றம். ஆபத்தான வேலை என்றால் 18 வயது வரைக்கும் கூடாது. ஆகவே உங்கள் சொந்தக் கடலையைப் பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தால் தப்பே இல்லை. ஆள் கூலி மிச்சம் என்று நாள் முழுக்க உடைக்க வைத்தால் சட்டம் இருக்கட்டும், உங்கள் மனசே ஒப்பாது.

இந்த மாதம் உங்கள் வீட்டில் கடலை இருக்கும். மார்கழிப் பட்டத்தில் போட்டது பறித்து, காய்ந்து, சாக்கில் கிடக்கும். அதிலிருந்துதான் ஆடிப் பட்டத்துக்கு விதை எடுப்பீர்கள். பிள்ளைகளோடு செய்வதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதைக் கடலை முழுவதையும் இப்போதே உடைத்துவிடாதீர்கள். உடைத்த பருப்பு சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும். காயாகவே வைத்திருந்து, விதைப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு உடைத்தால் போதும். இப்போது செய்ய வேண்டியது முளைப்புச் சோதனை. சாக்கின் மேலிருந்து ஒரு கை, நடுவிலிருந்து ஒரு கை, அடியிலிருந்து ஒரு கை காய் எடுத்து உடைக்கச் சொல்லுங்கள். உடைந்ததையும் சூம்பலையும் தள்ளிவிட்டு, மிச்சத்தில் 100 பருப்பை எண்ணி எடுக்க வேண்டும். இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு வேலை செய்யும்: நல்ல பெரிய பருப்பாகப் பார்த்துப் பொறுக்கும். சோதனை பாஸாக வேண்டுமே! கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். ஏன் அப்படி எடுக்க வேண்டும் என்று பையன் கேட்பான். நீங்கள் சொல்கிற பதில் அவனுடைய கணக்குப் பாடத்துக்கும் உதவும்.

கோணிச் சாக்கை நனைத்துப் பிழிந்து விரித்து, வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை வைத்து, மேலே இன்னொரு ஈரத் துணி போட்டுத் தளர்வாகச் சுருட்டி, எறும்பு ஏறாத நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது பொண்ணு பொறுப்பு. சொட்டச் சொட்ட ஊற்றினால் அழுகிவிடும், அதையும் சொல்லிவிடுங்கள். பத்தாம் நாள் பிரித்து எண்ணுங்கள். வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததுதான் கணக்கு. வெறுமனே ஊதிக் கிடப்பதும், வேர் இல்லாமல் வளைந்து கிடப்பதும் சேராது. சான்று பெற்ற கடலை விதைக்குக் குறைந்தபட்சம் 70 சதவீதம் முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டு விதைக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நோட்டையும் பேனாவையும் எடுக்கச் சொல்லுங்கள். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு போடுகிறீர்கள். 100 பருப்பைக் கடைத் தராசில் நிறுத்தால் 40 கிராம் வருகிறது என்று வைப்போம். அப்படியானால் 50 கிலோவில் ஒன்றேகால் லட்சம் விதை. வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் செடி நிற்க வேண்டும். விதை 80 சதவீதம் முளைத்தால் 1 லட்சம் செடி. 60 சதவீதம்தான் என்றால் 75 ஆயிரம். கிட்டத்தட்ட பாதி வயல் காலி! மழை ஏமாற்றிவிட்டது, உரம் சரியில்லை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிற பல விளைச்சல் குறைவுக்குக் காரணம் இந்தச் சாக்குக்குள்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை நான் கூட்டம் போட்டுச் சொன்னால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். எட்டாவது படிக்கிற மகன் இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னால், விதை மாற்றலாமா என்ற பேச்சு அன்றைக்கே வரும். உங்கள் வீட்டுக்காரர் பிள்ளைகளிடம் பேசுவதே "படிச்சியா, சாப்பிட்டியா" என்ற ரெண்டு கேள்வியோடு முடிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

வீட்டுச் செலவுக்கு உடைக்கும்போது ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். பச்சை, மஞ்சள், கறுப்புப் பூசணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாம் தனியாகப் போக வேண்டும். பூசணக் கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. கோழிக்குப் போடுவதும், "எண்ணெய்க்குத்தானே" என்று செக்குக்கு அனுப்புவதும் வேண்டாம், புதைத்துவிடுங்கள். கசந்தால் விழுங்காமல் துப்பிவிடு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். உடைக்க இலகுவாக இருக்கும் என்று காயில் தண்ணீர் தெளிக்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. பூசணம் பிடிப்பதற்கு அது பாய் விரித்துக் கொடுப்பது மாதிரி.

சகோதரி கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. லீவு விட்டால் நம் வீடுகளில் பொண்ணு கையில் விளக்குமாறு, பையன் கையில் கிரிக்கெட் மட்டை. வேலை பழகுவது நல்லது என்றால் அது பையனுக்கும் நல்லதுதான். புளியில் கொட்டை எடுப்பது, கூழ் வத்தல் பிழிவது, மோர்மிளகாய் கீறிப் போடுவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது எல்லாவற்றையும் அவனும் செய்யட்டும். நாளைக்குத் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ தனியாக ரூம் எடுத்துத் தங்கும்போது உலை வைக்கத் தெரியாமல் நிற்பவன் அவன்தான்.

வேலையைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். "போனைப் பிடிச்ச இல்ல, போ, சாணி அள்ளு" என்றால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மாட்டுக் கொட்டகை பிடிக்காது. ஏவிவிட்டு நீங்கள் வேறு பக்கம் போய்விட்டாலும் பயனில்லை. ஒரே சொளகுக்கு ரெண்டு பக்கமும் உட்காருங்கள். கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகள் வாய் திறக்கும். பள்ளியில் யார் அடித்தது, எந்தப் பாடம் புரியவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் ஒன்றும் வராது.

வீட்டில் அப்பத்தா இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம் அது, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழகினார்கள். அப்போது பழகியவர்களில் பலர் இன்று பாட்டிகள். யாரிடம் பழகினாய், எத்தனை தடவை விழுந்தாய் என்று பேத்தி கேட்கட்டும். சாயங்காலம் பேத்திக்கு சைக்கிள் பிடித்துவிட அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

பலாச் சீசனும் இதுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்ததில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் எத்தனை பலா சாய்ந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நல்ல பழம் அறுத்தால் கொட்டையை எல்லாம் குழம்புக்குப் போட்டுவிடாமல் பிள்ளைக்கு ரெண்டு கொட்டை கொடுங்கள். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது, எடுத்த சில நாளிலேயே ஊன்ற வேண்டும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணும் மட்கிய எருவும் கலந்த பையில் ஊன்றினால் ரெண்டு முதல் நாலு வாரத்தில் முளைக்கும். கொட்டைக் கன்று தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. தோப்பாக வைப்பதென்றால் ஒட்டுக்கன்றுதான் சரி. ஆனால் அஞ்சாவது படிக்கிற பிள்ளை கொல்லையில் வைக்கிற மரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ஏழெட்டு வருசத்தில் காய்க்கும். அப்போது அவள் கல்லூரியில் இருப்பாள்.

இனி, கூடாதவை. பூச்சி மருந்து கலக்குவது, தெளிக்கும் வயலில் நிற்பது, காலி டப்பாவைக் கழுவுவது, மருந்து போட்ட விதையைத் தொடுவது எதற்கும் பிள்ளைகள் வரக் கூடாது. மருந்து கலந்து மீந்த விதையைத் திண்ணையில் வைக்காதீர்கள், அது வாய்க்குப் போகக் காத்திருக்கிற விஷம். முந்திரி வைத்திருப்பவர்கள் கொட்டை சுடும் இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள், ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். மோட்டார் சுவிட்ச், தட்டை வெட்டும் மெஷின், டிராக்டர் மட்கார்டு மேல் சவாரி, மூன்றும் வேண்டாம். வெயிலில் 11 மணியிலிருந்து 3 மணி வரை வீட்டுக்குள் இருக்கட்டும். காட்டு வேலை காலை ஒன்பதரைக்குள் அல்லது நாலரைக்கு மேல், அதுவும் ஒரு மணி நேரம் போதும். கிணறு, கண்மாய், பண்ணைக்குட்டை மூன்றும் லீவில்தான் உயிர் வாங்கும். தனியாகப் போகாதே என்று சொன்னால் மட்டும் போதாது. அப்பா இடுப்பில் கயிறு கட்டி இறக்கி, பையனுக்கும் பொண்ணுக்கும் நீச்சல் பழக்க வேண்டும். இந்த லீவில் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கடலைச் சோதனையைக்கூட விட்டுவிடுங்கள், நீச்சலைப் பழக்குங்கள்.

போனைப் பிடுங்க வேண்டாம். முளைப்புச் சோதனையைத் தினம் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி, திருவரங்குளம் பக்கத்து வாசகரிடமிருந்து: "உளுந்து விதையில் வருசா வருசம் வண்டு விழுகிறது. வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடியுமா?"

முடியும். நன்றாகக் காய வையுங்கள், ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். பயறு வண்டு வயலிலேயே முட்டை வைத்துவிடும். விதை மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 100 கிலோ விதைக்கு 1 கிலோ கயோலின் களிமண் தூள் கலந்து, காற்றுப் புகாத டிரம்மில் வையுங்கள். வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் உங்களுக்குப் பக்கம்தான், புது விதை வேண்டுமென்றால் வம்பன் 8, வம்பன் 11 ரகங்களை அங்கே விசாரியுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். சாப்பாட்டு உளுந்தை உடைத்துப் பருப்பாக வைத்தால் வண்டுத் தொல்லை குறையும். வேப்பிலை போடுவதென்றால் சருகாகக் காய்ந்ததைப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் ஈரம் இறங்கும். கடையில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கையில் கொடுத்து, மூட்டைக்குள் போடச் சொல்வார்கள். அதிலிருந்து வருகிற வாயு ஆளைக் கொல்லும். மூட்டை அடுக்கிய அறையிலேயே பிள்ளைகளோடு படுக்கிற நம் வீடுகளுக்குள் அந்த மாத்திரை வரவே கூடாது. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் டப்பாவைத் திறக்காமல் உங்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.