ஒரு கையெழுத்துக்கு முழுக் கட்டணமா?

பிரஷருக்கோ சீனி வருத்தத்திற்கோ வருடக்கணக்காக ஒரே குளிசையைப் பாவிப்பவர் ஒருவராவது இல்லாத வீடு எமது கிராமங்களில் குறைவு. குளிசை முடிந்ததும் பழைய துண்டை எடுத்துக்கொண்டு தனியார் சிகிச்சை நிலையத்திற்குப் போகிறார்கள். தவணை எடுப்பதில்லை, வைத்தியரின் முகத்தைக் காண்பதுமில்லை. உதவியாளர் துண்டை உள்ளே கொண்டுபோய்க் கையெழுத்தோடு திரும்பி வருகிறார். அதற்கு, புதிய நோயாளி ஒருவர் கதிரையில் இருந்து முழுப் பரிசோதனை செய்வித்தால் எவ்வளவோ, அவ்வளவும் அறவிடப்படுகிறது. இது நியாயமா என்று கொக்கிளாய்ப் பக்கத்து மக்கள் எம்மிடம் பல தடவை கேட்டுவிட்டார்கள்.

நியாயமில்லை என்பதே எமது கருத்து. ஆனால் ஏன் நியாயமில்லை என்பதைச் சரியாகச் சொல்லத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் வைத்தியர் சொல்லும் பதிலுக்கு முன்னால் வாயடைத்து நிற்போம்.

கையெழுத்து வைப்பவர் அந்த மருந்துக்குப் பொறுப்பு எடுக்கிறார் என்பதே அவர்களுடைய பதில். அதில் உண்மை உண்டு. மெற்போமின் குளிசை பாவிப்பவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தால் அதன் அளவைக் குறைக்கவேண்டும், சில வேளை நிறுத்தவும் வேண்டும். வன்னியின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பரவியிருப்பதை நாம் அறிவோம். இருதய நோயாளர் பாவிக்கும் வோபரின் குளிசையை இரத்தம் சோதிக்காமல் தொடர்ந்து எழுதிக்கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அப்படியானால் பார்க்கட்டும் என்கிறோம். பிரஷர் பட்டியைக் கையில் கட்டட்டும், காலில் புண் இருக்கிறதா என்று பார்க்கட்டும், இரத்தப் பரிசோதனைக்கு எழுதட்டும். முழுக் காசு வாங்குபவர் முழு வேலையையும் செய்யட்டும். பார்க்கத் தேவையில்லை என்று அவரே முடிவு செய்தால், மிஞ்சுவது எழுத்து வேலை மாத்திரமே. அதற்கு ஒரு சிறு தொகை போதும். பார்க்காமல் விட்டுவிட்டுப் பார்த்ததற்கான காசை வாங்குவதுதான் பிழை.

இந்தக் காசு எங்கிருந்து பிடுங்கப்படுகிறது? மலிவான குளிசைகளைப் பாவிப்பவருக்குப் பல வேளைகளில் ஒரு மாத மருந்தின் விலையைவிடக் கையெழுத்தின் விலை கூடுதலாக இருக்கிறது. கையெழுத்துக்குக் கொடுத்தபின் பாமசியில் பாதி மருந்துதான் வாங்கமுடிகிறது. இரண்டு நேரம் போடவேண்டியவர் ஒரு நேரம் போடுகிறார். அயல்வீட்டாரின் குளிசையைக் கடன் வாங்குகிறார். வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும், பிரஷர் குளிசையை விட்டுவிட்டுப் போட்டால் பாரிசவாதத்தில் கொண்டுபோய் விடும். வீட்டில் உழைப்பவர் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தால் அந்தப் போகம் யார் விதைப்பது?

அரச வைத்தியசாலைக் கிளினிக் இலவசந்தானே, ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், 1951 முதல் இந்நாட்டில் அரச வைத்தியம் இலவசம். இடையில் 1971 இல் வெளிநோயாளருக்கு 25 சதம் அறவிட்டார்கள். 1977 இல் அதை நீக்கினார்கள். அரச வைத்தியர்கள் கடமை நேரத்திற்குப் பின் தனியாகத் தொழில் செய்ய மீண்டும் இடம் கிடைத்ததும் அதே 1977 இல்தான். காலையில் இலவசமாகப் பார்ப்பவரையே மாலையில் காசு கொடுத்துப் பார்க்கும் வழக்கம் அப்படித்தான் ஊன்றியது.

கிளினிக்குக்குப் போகக் காசு தேவையில்லை, ஆனால் ஒரு நாள் தேவை. கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவுக்கு விடிய பஸ் ஏறினால் திரும்பி வரப் பொழுது சாயும். அரிவு வெட்டுக் காலத்தில் அந்த ஒரு நாளின் பெறுமதி விவசாயிக்குத்தான் தெரியும். போனாலும் எல்லா மருந்தும் கிடைக்கும் என்றில்லை. 2022 நெருக்கடியில் வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசம்பரில் ஊரை விட்டு எழும்பியவர்கள். போர் முடிந்த 2009 இற்குப் பின்னர்தான் திரும்பத் தொடங்கினார்கள். ஓடிய ஓட்டத்தில் காணி உறுதியோடு கிளினிக் கொப்பியும் போய்விட்டது. கொப்பி இல்லாதவர் எந்த வைத்தியருக்கும் புதிய நோயாளிதான்.

மற்ற இடங்களில் எப்படி என்று பார்ப்போம். எமது உறவினர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில், நோயாளியைப் பார்க்காமலும் அவரோடு பேசாமலும் மருந்தைப் புதுப்பித்து எழுதுவதற்கு அரச காப்புறுதி பணம் கொடுப்பதில்லை. ஆகவே வைத்தியர் நோயாளியிடம் கேட்கலாம். ஆனால் தொகையை முன்கூட்டியே சொல்லவேண்டும், அது நியாயமானதாக இருக்கவேண்டும், நோயாளியின் வசதியையும் கருதவேண்டும் என்று அங்குள்ள வைத்தியர் சபை விதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சீனிக்கும் பிரஷருக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது எமது நாட்டிலேயே கிளினிக் மருந்தைத் தபாற்காரர் வீடுகளுக்குக் கொண்டுவந்தார். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

இதைக் கேட்கவேண்டியவர்கள் நாம்தான். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, மாதம் ஒரு தடவை ஊருக்கே கிளினிக் வரவேண்டும் என்று பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதலாம். தனியார் நிலையங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்படவேண்டியவை. அவற்றை மேற்பார்வை செய்ய ஒரு சபையும் உண்டு, முறைப்பாட்டை அதற்கு அனுப்பலாம். பயப்படவேண்டியதில்லை. துண்டு புதுப்பிக்க எவ்வளவு என்று சுவரில் எழுதிப் போடுங்கள் என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. உரக்கடையில் விலை கேட்காமலா மூடை தூக்குகிறோம்?

அடுத்த தடவை வைத்தியரை நேரில் பார்க்கும்போது, இந்த மருந்தை எத்தனை மாதத்திற்குப் பாவிக்கலாம், எப்போது மீண்டும் சோதிக்கவேண்டும் என்பதைத் துண்டிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். நோய் கட்டுப்பாட்டில் இருப்பவருக்குப் பல வைத்தியர்கள் மறுக்கமாட்டார்கள். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். அதன் போட்டோப் பிரதி ஒன்று வேறு ஊரிலுள்ள மகளின் வீட்டிலும் இருக்கட்டும்.